ஒருவரே வாங்கும் பொருள்

படைக்கலம் செய்யும் கம்பனியில் உத்தியோகம் கிடைத்தால் நல்ல சம்பளம், நாட்டுக்கு உழைக்கும் பெருமை என்று இளைஞர் எண்ணுவது இயல்பே. கனடாவில் ரொறொன்ரோ நகருக்கு அருகே மோல்ற்றனில் இருந்த அவ்ரோ விமானத் தொழிற்சாலையினரும் அவ்வாறே எண்ணினர். அவர்கள் ஆக்கிய 'அரோ' என்னும் போர்விமானம் 1958 மார்ச் 25ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் ஒலியினும் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தை எட்டியது. செலவுக்கு அஞ்சிப் பிற கம்பனிகள் தொடத் தயங்கும் சோதனைகளை அங்கே அரசாங்கப் பணத்திற் செய்துபார்க்கலாம். கற்றவனுக்கு இதனினும் இனியது யாது?

ஆயின் அப்பொருளை வாங்குவோர் ஒருவரே. 1959 பெப்ரவரி 20ஆம் நாள் பிரதமர் டீபன்பேக்கர் அத்திட்டத்தைக் கைவிடுவதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அன்றே தொழிற்சாலை ஒலிபெருக்கி பேசிற்று. பதினாலாயிரம் பேருக்கு மேல் வேலையிழந்து வீடு திரும்பினர். அரசாங்க ஆணைப்படி விமானங்கள் பின்னர் துண்டாடப்பட்டன. இன்று பிள்ளைகளுக்குக் காட்டவும் முழு விமானம் ஒன்றில்லை. இதனையே நாம் பெரிய இழப்பெனக் கருதுகிறோம். சம்பளமாவது வேறிடத்திற் கிடைக்கக்கூடும்.

சிலருக்குக் கிடைக்கவுஞ் செய்தது. பொறியியலாளர் முப்பது பேரளவில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்திற் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஜிம் சேம்பலின் ஜெமினி விண்கலத்தை வடிவமைப்பதில் முன்னின்றார். பட்டறையில் நின்று தகடு பொருத்திய தொழிலாளரை நாசா அழைக்கவில்லை.