சுரைக்குடுக்கைப் பாப்பா சொல்லும் பாடம்



ஐந்தாம் வகுப்புச் சிறுமியிடம், "வயிற்றுப்போக்கில் உடல் எதை இழக்கிறது?" என்று கேளுங்கள். "நீரையும் உப்பையும்" என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பித்துவிடுவாள். அன்று சாயங்காலமே அவளுடைய தம்பிக்கு வயிற்றால் போகிறது. "தண்ணீர் கொடுக்காதே, இன்னும் அதிகமாகப் போகும்" என்கிறார் பாட்டி. அவளும் டம்ளரை எடுத்து வைத்துவிடுகிறாள். பரீட்சைக்குப் படித்தது அடுப்படி வரை வந்து சேரவில்லை. இதன் கிரயத்தை ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் பார்க்கிறோம். கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்டு வரும் குழந்தைக்கு முதல் நாளே வேண்டியிருந்தது, சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர்தான்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சுகாதாரத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது பள்ளிக்கூடத்தின் கவலை மட்டுமல்ல, நம்முடைய கவலையும்கூட.

பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர்

1950களில் நைஜீரியாவின் இலேஷா நகரிலுள்ள மெதடிஸ்ட் மிஷன் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர் டாக்டர் டேவிட் மோர்லி. குழந்தைகளின் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டை பல நாடுகளுக்குப் பரவக் காரணமாயிருந்தவர் அவரே. பின்னர் லண்டனில், கல்வியாளரான ஹியூ ஹாஸ் என்பவரோடு சேர்ந்து 'சைல்டு டு சைல்டு' என்னும் திட்டத்தை 1978இல் ஆரம்பித்தார். தாய் வேலைக்குப் போனபின் கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பது பெரும்பாலும் எட்டு, பத்து வயது அக்காள்தானே! அவளுக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தால் தம்பி பிழைப்பான். நாளை அவள் தாயாகும்போது அவள் பிள்ளையும் பிழைக்கும். இதுவே அந்தத் திட்டத்தின் சாரம்.

சுரைக்குடுக்கைப் பாப்பா

மெக்ஸிகோவின் மலைக்கிராமமாகிய அஹோயாவில் டேவிட் வெர்னர் என்பவரும் கிராம சுகாதார ஊழியர்களும் பிள்ளைகளைக்கொண்டு ஒரு சோதனை செய்யவைத்தார்கள். செலவு ஒன்றுமில்லை. நீங்களும் செய்யலாம்.

காய்ந்த சுரைக்குடுக்கை அல்லது பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, மேல்பாகத்தை வெட்டிவிட்டு, முகம் வரையுங்கள். கண்களின் இடத்தில் ஊசித்துளைகள் போடுங்கள். அதற்குக் கீழே, சிறுநீருக்காக ஒரு சிறு துளை. அடியில் பெரிய துளை ஒன்று போட்டு, தக்கையால் அடைத்துவிடுங்கள். விளிம்புவரை நீர் நிரப்பி, மெல்லிய ஈரத்துணியால் வாயை மூடுங்கள். பாப்பா அழும், சிறுநீர் கழிக்கும். இப்போது அடித்தக்கையை எடுத்துவிடுங்கள். இதுதான் வயிற்றுப்போக்கு.

நீர் மட்டம் இறங்க இறங்க, மேலே உள்ள துணி உள்வாங்குகிறது. கண்ணீர் நின்றுவிடுகிறது. பிறகு சிறுநீரும் நிற்கிறது. உச்சிக்குழி பள்ளமாவதும், அழுதாலும் கண்ணீர் வராததும், சிறுநீர் குறைவதும் நீரிழப்பின் அடையாளங்கள் என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த கேள்வி: "மட்டம் குறையாதிருக்க எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும்?" ஊற்றிப் பார்த்து, "எவ்வளவு போகிறதோ அவ்வளவு" என்பார்கள். பாட்டிக்குச் சொல்லவேண்டிய பதில் அவர்கள் கையிலேயே கிடைத்துவிட்டது.

சர்க்கரை எதற்கு?

பெரிய பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். வயிற்றுப்போக்கின்போது குடல் வெறும் உப்புநீரைச் சரியாக உறிஞ்சுவதில்லை. ஆனால் குளுக்கோஸ் உடனிருந்தால், அது உப்பையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னே நீரும் போகிறது. 1971இல் வங்க அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில் காலரா பரவியபோது சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுவே சிறந்தது. அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்கவேண்டும். இல்லையானால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட அதிகமாக உப்புக்கரித்தால் கொட்டிவிட வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றபின்னும், சொன்ன நாள்வரை கொடுக்கவேண்டும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, மயக்கம், குடிக்க முடியாமை இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

கற்றது நிலைக்க

பார்த்தது மறந்துபோகாதா? 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தார்கள். மற்றொரு சாரார் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, வாசித்தவர்களுக்கு 40 சதவீதமும், நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61 சதவீதமும் ஞாபகமிருந்தது. உள்ளே போடுவதைவிட, உள்ளிருந்து எடுப்பதே நினைவைப் பலப்படுத்துகிறது.

ஆகையால் சோதனை முடிந்ததும் பாட்டிலை மறைத்துவைத்து, "என்ன பார்த்தாய்? ஏன் அப்படி ஆயிற்று?" என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை கேளுங்கள். தவறாகச் சொன்னால் கடிந்துகொள்ளாமல் பாட்டிலையே திரும்பக் காட்டுங்கள். வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் செய்துகாட்டிவரச் சொல்லுங்கள். பிறருக்கு விளக்கத் தெரிந்த பிள்ளைக்கே பாடம் சொந்தமாகிறது.

உங்கள் காணிக்கைகளால் வார்டில் சலைன் ஏறுகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். இந்த வருஷம் உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலோ, விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ, இந்தச் சோதனைக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஒரு பழைய பாட்டிலும் ஒரு துண்டுத் துணியும் போதும். அந்த அரைமணி நேரத்தால் ஒரு குழந்தைக்குச் சலைன் தேவைப்படாமலே போகலாம்.