சீட்டாட்டத்திற் காப்பு விதி

வலியார் மெலியாரை வெல்லுதல் உலகியற்கை; அதனைத் தடுத்து நிற்பது விதி. இவ்வுண்மையை நம் நாட்டில் வழங்கும் முந்நூற்றுநாலு என்னுஞ் சீட்டாட்டம் இனிது விளக்கும்.

நால்வர் இருவரிருவராய் அணிசேர்ந்து 32 சீட்டுக்களால் ஆடுவது இது. ஓரினத்துள் யாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆக ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. கிளாவர், ஆட்டின் என நம்மவர் வழங்கும் இனப்பெயர்கள், 1658இல் மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் மொழியினின்று வந்தவை.

ஒருவர் கிளாவர் ஏழை இறக்கினாரெனக் கொள்வோம். கையிற் கிளாவர் உடையோர் கிளாவரே இடல்வேண்டும். வேறு கிளாவர் எவரிடத்தும் இல்லையாயின், துரும்பல்லாத ஆட்டின் யாக்கும் அவ்வேழை வெல்லாது. 30 புள்ளியுடைய சீட்டு, ஒரு புள்ளியுமற்ற சீட்டுக்குத் தோற்கின்றது. இதுவே இனம் அளிக்குங் காப்பு. இதனைப் பிளக்கவல்லது துரும்பொன்றே. அதுவோ, கேள்வியில் வென்றவராற் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அமைத்து 1993இல் வெளிவந்த ‘மாஜிக்’ ஆட்டத்திலோ காப்பு வெளிப்படை. அங்கே இனத்துக்கு ஈடாக வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள் உள. ‘கறுப்பினின்று காப்பு’ என எழுதப்பெற்ற வீரனைக் கறுப்புச் சீட்டுக் குறிவைத்தல் இயலாது; கறுப்பு வீரன் மறித்தல் இயலாது; கறுப்புத் தரும் ஊறு தடுக்கப்படும்; கறுப்பு மந்திரம் அவன்மேற் பற்றி நில்லாது. ஆயினும், ‘யாவரும் அழிக’ என்னுங் கறுப்புச் சீட்டு வரின் அவனும் அழிவான். அது தனியொருவனைக் குறிவைப்பதன்று. விதி எவற்றைச் சொல்லிற்றோ அவற்றினின்று மட்டுமே காக்கும்.

மாணவர் கருதற்குரியது இன்னுமொன்று. முந்நூற்றுநாலிலே துரும்பு மறைந்திருக்குங்கால், இறக்கிய இனம் இல்லாதவர் தஞ் சீட்டைக் கவிழ்த்தே இடுவர். துரும்பு வைத்தவர் அதனைப் பார்ப்பார். துரும்பன்றாயின் அது கவிழ்ந்தபடியே போகும். இனம் இருந்தும் இல்லையெனக் காட்டுவானை அக்கணமே கண்டுபிடிப்பார் இலர். எனவே ஏழைக் காப்பது விதி. விதியைக் காப்பது ஆடுவார் நேர்மை. சீட்டிலுள்ள ஏழுக்கும் நாட்டிலுள்ள ஏழைக்கும் இஃது ஒக்கும்.