கிளவுடில் கணக்கு... யார் பொறுப்பு?

2014 ஜூன் 17. மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் 'கோட் ஸ்பேசஸ்' நிறுவனத்தின் இணையதளத்தை முடக்கும் தாக்குதல் தொடங்கியது. சற்று நேரத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து தெரியவந்தது. அமேசான் கிளவுடில் அவர்கள் வைத்திருந்த கணக்குக்குள் ஒரு மர்ம நபர் புகுந்து, பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனத்தார் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அவரோ தனக்கென வேறு லாகின்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தார். கணக்கை மீட்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கோப்புகளை அழிக்க ஆரம்பித்தார். 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலான தரவுகளும் பேக்கப்களும் அழிந்தன. நிறுவனமே மூடப்பட்டது.

அழிக்கும் அதிகாரம் கொண்ட கணக்கிலேயே பேக்கப்களும் சிக்கிக்கொண்டதுதான் இந்தப் பெரிய இழப்புக்குக் காரணம். சர்வரையும் கட்டடத்தையும் காப்பது கிளவுட் நிறுவனத்தின் வேலை. கணக்குக்குள் யார் வரலாம், எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்வது வாடிக்கையாளரின் வேலை. கட்டடமும்கூட நிரந்தரமல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த பலர் இரண்டையும் இழந்தார்கள்.

நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் முதலாளி, கணக்கர், ஆடிட்டர் அலுவலகம் எல்லோருக்கும் ஒரே லாகின் இருப்பது சகஜம். வேலையை விட்டுப் போனவரின் ஐடி அப்படியே கிடக்கும். ஊழியர்களின் ஆதார் நகல்கள், லிங்க் கிடைத்த எவரும் திறக்கும்படி பகிரப்பட்டிருக்கும்.

இது சட்டச் சிக்கலும்கூட. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தரவைக் கையாளும் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும், பொறுப்பு வணிகரைவிட்டு விலகாது.

அதற்காக கிளவுடே வேண்டாம் என்று ஒதுங்கத் தேவையில்லை. கடைக் கம்ப்யூட்டரையும் வைரஸ் தாக்கும், திருடனும் தூக்கிப் போவான். இந்த வாரமே சில வேலைகளை முடித்துவிடுங்கள். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். விலகியவர்களின் ஐடியை அன்றைக்கே நீக்குங்கள். கிளவுடுக்கு வெளியே, தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் நம்மை நம்பித்தான் தன் விவரங்களைத் தருகிறார். அவற்றைக் காப்பது நம் கடமை.