பவளத் தொட்டியில் நீரோட்டம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

ஈரத்துணியை வீட்டிற்குள் உலர்த்தினால் மாலைவரை ஈரம் போவதில்லை. அதே துணியைக் காற்றோட்டமான நிழலில் போட்டால் விரைவில் உலர்ந்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் வெயில் இல்லை, வேறுபாடு காற்றில்தான். துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றுப் படலத்தை வீசும் காற்று அகற்றிவிடுகிறது. இந்த எளிய உண்மையை மனத்திற்கொண்டால், கடற்பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் நீரோட்டத்திற்காக ஏன் இவ்வளவு பாடுபடுகின்றனர் என்பது விளங்கும்.

பவளம் செடியன்று, விலங்கு. ஆயினும் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வது. மீனைப்போல் நல்ல நீரைத் தேடிச் செல்ல அதனால் இயலாது. நீர்தான் அதனைத் தேடி வரவேண்டும். அதன் உடலைத் தொட்டு நிற்கும் நீர் ஏறக்குறைய அசைவற்ற மெல்லிய படலமாக இருக்கிறது. இதனை எல்லைப்படலம் என்பர். பகலில் பவளத்தின் திசுக்களில் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் மிகுதியான ஆக்ஸிஜன் இப்படலத்தைக் கடந்து வெளியேற வேண்டும். இரவில் சுவாசத்திற்கு வேண்டிய ஆக்ஸிஜன் இதே படலத்தைக் கடந்து உள்ளே வரவேண்டும். நீரோட்டம் மந்தமானால் படலம் தடிக்கும், பவளம் திணறும். ஓட்டம் விரைந்தால் படலம் மெலியும்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 1998ஆம் ஆண்டு கடல் வெப்பம் உயர்ந்து உலகெங்கும் பவளங்கள் வெளுத்து மடிந்தன. அப்போது சில மடிய, சில பிழைத்ததன் காரணத்தை ஆராய்ந்த நகமுரா, வான் வோசிக் ஆகிய இருவரும் 2001இல் தம் முடிவை வெளியிட்டனர். வெப்பமும் ஒளியும் மிகுந்த நிலையில், மந்தமான நீரில் இருந்த பவளங்களைவிட விரைந்தோடும் நீரில் இருந்தவை நன்கு தாக்குப்பிடித்தன என்பது அதன் சாரம்.

அப்படியானால் பெரிய பம்பு ஒன்றை வைத்துவிட்டால் போதாதா? இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஒரு கணக்கைப் பார்ப்போம். 150 செ.மீ. நீளமும், 50 செ.மீ. அகலமும், 50 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி 375 லிட்டர் கொள்ளும். மணிக்கு 3,750 லிட்டர் இறைக்கும் பம்பை வைத்தால், "மணிக்குப் பத்து முறை நீர் சுழல்கிறது" என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அந்நீர் தொட்டியின் குறுக்குப் பரப்பு முழுவதிலும் பரவிச் சென்றால் வேகம் விநாடிக்கு அரை செ.மீ. கூட இராது. அலை மோதும் பவளத்திட்டின் முகப்பிலோ வேகம் விநாடிக்குப் பல பத்து செ.மீ. இருக்கும்.

இனி, பம்பின் வாய் 2 செ.மீ. விட்டமுடையதாயின், அவ்வாயிலில் நீர் விநாடிக்கு ஏறத்தாழ 330 செ.மீ. வேகத்தில் பாயும். நேரெதிரே இருக்கும் பவளத்தின் மென்தசை கிழியும். மூலையிலுள்ள பவளத்தின்மேல் அழுக்குப் படியும். அதே நீரை 8 செ.மீ. விட்டமுள்ள வாய் வழியே விட்டால் வேகம் 21 செ.மீ. அளவில் அமையும். குறுகிய பீச்சலைவிட அகன்ற ஓட்டமே நன்று என்பது இதனால் பெறப்படும். அகன்ற வாயும் இறக்கையும் உடைய பம்புகளை இன்று வளர்ப்போர் விரும்புவதன் காரணமும் இதுவே.

ஓட்டத்தின் வகைகள்

ஒரே திசையில் ஓயாது பாயும் ஓட்டம் அமைப்பதற்கு எளிது. ஆனால் பவளத்தின் மறுபக்கம் எப்போதும் நிழலில் நிற்பது போன்றது. அங்கே கசடு சேரும். தொட்டியின் இரு முனைகளிலும் பம்பு வைத்து மாற்றி மாற்றி இயக்கினால் இக்குறை நீங்கும்.

மூன்றாவது வகை, அலைபோல் வந்து மீளும் ஓட்டம். ஹவாய்த் தீவுகளின் வைக்கீக்கி மீன்காட்சியகத்தில் பணியாற்றிய புரூஸ் கார்ல்சன் இதற்கு எளிய கருவி ஒன்றைப் பயன்படுத்தினார். தொட்டிக்கு மேலே ஒரு வாளி; அதை ஒரு பம்பு மெல்ல நிரப்பும். நீர்மட்டம் வளைகுழாயின் உச்சியைத் தாண்டியதும் சைபன் தொடங்கி, வாளி நீர் முழுதும் 'குபுக்'கென்று தொட்டியில் இறங்கும். காற்றுப் புகுந்ததும் சைபன் நிற்கும். வாளி மீண்டும் நிரம்பும். நாம் இயற்பியல் வகுப்பில் படித்த வடிகுழாய்த் தத்துவம் இங்கே அலையாகிறது! 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறக்கப்பட்ட, 25 லட்சம் லிட்டர் கொண்ட பவளத்தொட்டியிலும் அலைப்பொறி ஒன்றை அமைத்தனர்.

எதற்கு எது?

கிளை கிளையாக வளரும் மான்கொம்புப் பவளத்திற்கு வலிய, திசை மாறும் ஓட்டம் வேண்டும். மூளைப் பவளத்திற்கு நடுத்தர ஓட்டம் போதும். தடித்த தசையுடையவையும் காளான் பவளங்களும் மெல்லிய அசைவையே விரும்பும். கடல்விசிறியை ஓட்டத்திற்குக் குறுக்காக நிறுத்தவேண்டும். மிதந்து வரும் உணவை அது அப்படித்தான் வடித்தெடுக்கும். ஒரு பக்கத் தசைமட்டும் சுருங்கினால் ஓட்டம் மிகை. மேலே கசடு படிந்தால் குறை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெறும் தொட்டி ஒன்றில் கற்களை அடுக்கி, சிறு பம்பை ஓடவிட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் துணுக்குகளைப் போட்டுப் பார்த்தோம். ஊதா நிறம் நடுவே விரைந்து பரவியது. கற்களுக்குப் பின்னே அசையாமல் தேங்கி நின்றது. கற்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்ததும் அத்தேக்கம் கலைந்தது. பம்பை மாற்றவில்லை, வழியைத்தான் விட்டோம்.

உயிருள்ள பவளத்தை வைத்து இதனைச் செய்ய நமக்கு உரிமையில்லை. கல்பவளங்கள் 2001 முதல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றை எடுப்பது குற்றம். அது நியாயமே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுக்கப் பவளம் இல்லாமற்போகவே கரை அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குமேல் இல்லை.

பவளத்திற்கு அலை வேண்டும். கரைக்குப் பவளம் வேண்டும். ஒரு தொட்டிக்குள் அலையை உண்டாக்க மனிதன் இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது. அதனை இலவசமாகத் தரும் கடல் நம் வாயிலிலேயே இருக்கிறது. அங்கே எஞ்சியுள்ள பவளத்தையாவது காப்பது அறிவியல் பயிலும் நம் கடமையன்றோ!