துள்ளும் பொத்தானும் ஓயாத அழைப்புகளும்

ஒரு மின்பொத்தானை அழுத்துகிறீர்கள். உள்ளே இரு உலோகத் தகடுகள் சேர்கின்றன. சேர்ந்த மாத்திரத்தில் அவை ஒட்டி நின்றுவிடுவதில்லை. தரையில் விழுந்த பந்தைப்போல் சில மில்லிசெகண்டு நேரம் துள்ளிய பிறகே ஓய்கின்றன. மின்விளக்குக்கு இதனால் கேடில்லை. அதே சுற்றில் ஒரு மின்னணு எண்ணியை இணைத்துவிட்டால், ஒருமுறை அழுத்தியதற்கு அது மூன்று, நான்கு என்று காட்டக்கூடும்! துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து எண்ணும் முறைக்கு மின்னணுவியலார் இட்ட பெயர் ‘டிபவுன்ஸ்’.

இச்சொல் இன்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களிலும் வழங்குகிறது. இணையப் பக்கங்களை இயக்கும் இம்மொழியை 1995-இல் உருவாக்கியவர் பிரண்டன் ஐக். பக்கத்தில் உள்ள தேடல் கட்டத்தில் நீங்கள் பத்து விசைகளைத் தட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு தட்டலுக்கும் தேடல் ஃபங்ஷன் ஒருமுறை ஓடும். அவற்றுள் ஒன்பது வீண்.

இதற்குப் பரிகாரம் எளிது. விசை தட்டியதும் 300 மில்லிசெகண்டுக்கு ஒரு கடிகாரத்தை முடுக்குங்கள். அதற்குள் அடுத்த விசை தட்டப்பட்டால் பழைய கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் புதியதை முடுக்குங்கள். முடுக்குவதற்கு ‘செட்டைம்அவுட்’, நிறுத்துவதற்கு ‘கிளியர்டைம்அவுட்’ என்ற கட்டளைகள் உள்ளன. விசைகளுக்கு இடையே 150 மில்லிசெகண்டு இருந்தால், கடைசி விசைக்குப் பிறகே கடிகாரம் முழுநேரமும் ஓடி முடியும். தேடல் ஒன்றே ஒன்று.

பக்கத்தை உருட்டிப் படிக்கும்போதும் இதே மருந்து பலிக்குமா? பலிக்காது. விரல் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தால் அமைதி என்பதே வராது, ஃபங்ஷனும் ஓடாது. அடுத்த செய்திகளை எதிர்பார்ப்பவர் வெற்றிடத்தையே காண்பார். இங்கு வேண்டியது ‘திராட்டில்’. வண்டி ஓட்டுவோர் அறிந்த சொல்தான். ஒருமுறை ஓடிய ஃபங்ஷன், 100 மில்லிசெகண்டு கழியும்வரை மறுபடி ஓடாது. எத்தனை முறை அழைத்தாலும் செகண்டுக்குப் பத்துக்கு மேல் போகாது. இதில் கடைசி அழைப்பு விழுங்கப்பட்டுவிடக்கூடும். ஆகவே இறுதியில் ஒருமுறை ஓடவிடுவது நலம்.

இத்தனை சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். பக்கத்தின் நிரல் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். பக்கத்தை வரையும் வேலையும் அதே வரிசையில்தான் காத்து நிற்கிறது. செகண்டுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரைக்கு ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிசெகண்டில் தயாராக வேண்டும். தவறினால் திரை திக்கும். 2011-இல் ட்விட்டர் தளம் உருட்டும்போது தாங்கமுடியாத அளவுக்கு மந்தமாயிற்று. உருட்டலின் ஒவ்வோர் அசைவுக்கும் கனமான வேலையைக் கட்டிவைத்ததே காரணம் என்று ஜான் ரெசிக் சுட்டிக்காட்டினார். 250 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது அவர் சொன்ன வழி.

பணம் செலுத்தும் பொத்தானுக்கு மட்டும் இவ்விரண்டையும் நம்பிவிடாதீர்கள். பொறுமையிழந்தவர் சற்று நேரம் விட்டு மறுபடி அழுத்தினால் கடிகாரம் அதைத் தடுக்காது. இருமுறை பணம் போய்விடலாம். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் ஒன்று கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் மறுக்கும் பொறுப்பு மறுமுனையில் உள்ள சர்வருடையது.