நிலக்கரிப் படமும் ஊரவைப் பேச்சும்

திரைப்படம் முடிந்து விளக்குகள் எரியத் தொடங்கியவுடன் மக்கள் வாய்திறவாது கலைந்து செல்லுதல் நம் நாட்டு வழக்கம். கதைப்படத்திற்கு அது பொருந்தலாம். மெய்வாழ்க்கையைக் காட்டும் ஆவணப்படத்திற்குப் பொருந்தாது. அத்தகைய படம் பாதித் தொழிலையே செய்கின்றது. எஞ்சிய பாதி, கண்டோர் கூடிப் பேசுவதனாலேயே நிறைவுறும். அப்பேச்சினை நடத்தும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

கனடா நாட்டில் 1967ஆம் ஆண்டு கோலின் லோ என்பார் ஃபோகோத் தீவு மீனவரைப் பற்றிக் குறும்படங்கள் பல எடுத்து, அவற்றை அம்மீனவர்க்கே காட்டிப் பேசச் செய்தார். தீவை விட்டுக் குடிபெயர நேருமோ என்று அஞ்சியிருந்த அவர்கள், ஒருவர் கருத்தை மற்றொருவர் படத்தில் கண்டு உணர்ந்தனர். பின்னர் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைவதற்கு இம்முயற்சியும் ஒரு துணையாயிற்று.

இனி, கென்டக்கி நிலக்கரித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைக் காட்டும் 'ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ.' என்னும் 1976ஆம் ஆண்டுப் படத்தைக் கடலூரிலோ சிதம்பரத்திலோ காட்டுவதாகக் கொள்வோம். காண்போர் உள்ளம் உடனே நெய்வேலியையன்றோ நாடும்? அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றிற்று. 1957 மே மாதத்தில் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது. அம்மின்சாரத்தால் பல ஊர்கள் ஒளி பெற்றன. பல குடும்பங்கள் ஊதியம் பெற்றன. ஆயின் சுரங்கம் விரிய விரிய, வயலும் வீடும் இழந்தோரும் பலர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டும் பொருட்டு நெற்பயிர் நின்ற நிலத்தில் பொறிகள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றனர் ஒரு சாரார். பயிரை அறுக்கவேனும் விட்டிருக்கலாகாதா என்றனர் மறுசாரார்.

இத்தகைய பேச்சிற்குப் பட்டிமன்ற முறை உதவாது. அங்கே வெற்றியே நோக்கம். இங்கோ கேட்டலே நோக்கம். ஆகவே கூடுமிடம் எக்கட்சிக்கும் எந்நிறுவனத்திற்கும் உரியதாகாமல், யாவரும் தயங்காது வரத்தக்கதாய் இருத்தல் வேண்டும். மேடையும் மாலையும் நீண்ட தலைமையுரையும் வேண்டா. வட்டமாய் அமர்தலே சாலும். 'எது சரி?' என்று தொடங்குவோமாயின் சண்டையே விளையும். 'படத்தில் உம் மனத்தைத் தைத்தது எது?' என்று தொடங்குவோமாயின் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையையே எடுத்துரைப்பர். ஒப்பந்தத் தொழிலாளர், நிலமிழந்த மூதாட்டியர் முதலியோர்க்கு முதலில் வாய்ப்பளித்து, நன்கு பேசவல்லாரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுதல் நன்று. நடத்துவோர் தம் கருத்தைப் புகுத்தலாகாது. ஐயம் எழுமிடத்து ஆவணங்களை எடுத்துக்காட்ட ஒருவர் இருத்தல் வேண்டும். சொல்லியவற்றைக் குறித்து, இறுதியில் அவையோர் முன் படித்துக் காட்டுதலும் இன்றியமையாதது. தம் சொல் திரிபின்றி ஏற்கப்பட்டதென்று அறிந்தவரே மறுமுறையும் வருவர்.

ஒரு மாலைப் பேச்சினால் இழந்த நிலம் மீளாது. எரிந்த கரியும் மண்ணுக்குத் திரும்பாது. ஆயினும் சுரங்கத் தொழிலாளியின் மகனும் நிலமிழந்த உழவன் மகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் மாவட்டம் இது. அவ்விருவரும் ஒருவர் இல்லத்துத் துயரை மற்றவர் அறியாமலே பட்டம் பெற்றுச் செல்வாராயின், நாம் கற்ற கல்வியின் பயன் யாது?