ஆறு வயதுவரை ஒரே துறை: தங்கவயல் குழந்தைகளுக்கு ஏன் தேவை?

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் லைன் வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கம்பெனி நிர்வாகமே பொறுப்பு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பல அரசுத் துறைகளுக்கு நடுவே வளர்கிறார்கள்.

யாரிடம் எது?

அங்கன்வாடி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம். தடுப்பூசியும், தாய்-சேய் விவரங்களைப் பதியும் ‘தாய் கார்டு’ம் சுகாதாரத் துறையிடம். ஒன்றாம் வகுப்பு பள்ளிக் கல்வித் துறையிடம். கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ‘கூசின மனெ’ காப்பகங்கள் ஊரக வளர்ச்சித் துறையுடையவை. அவை கிராமப் பஞ்சாயத்துகளுக்கானவை. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நகரசபைப் பகுதிக்குக் கிடையாது.

இதில் என்ன சிக்கல்?

அங்கன்வாடி டீச்சர் குழந்தையை எடை போட்டு, ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பதிகிறார். எடை மிகவும் குறைந்திருந்தால் சிகிச்சை தர வேண்டியது சுகாதாரத் துறை; அங்கே பதிவேடு வேறு, அதிகாரி வேறு. இரண்டு இடத்துக்கும் அலைய, தாய் ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி உள்ளிட்ட ஆறு சேவைகளை ஒரே கூரையின்கீழ் தரவே வந்தது. கர்நாடகத்தில் அது முதலில் வந்த இடம் தி.நரசிபுரா. சேவைகளைச் சேர்த்தார்கள், துறைகளைச் சேர்க்கவில்லை.

துறைகள் மோதினால்?

2024-இல் கல்யாண கர்நாடகப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்க முடிவானபோது, அங்கன்வாடிகள் காலியாகிவிடும் என்று ஊழியர்கள் போராடினார்கள். தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடி மையங்களில் நடந்த மழலையர் வகுப்புகளைப் பள்ளிக் கல்வித் துறை 2022-இல் கைவிடப் பார்த்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே தொடர்ந்தது.

வேறு வழி உண்டா?

நியூசிலாந்து 1986-லும் சுவீடன் 1996-லும் குழந்தைப் பராமரிப்பைக் கல்வித் துறைக்கு மாற்றி, பராமரிப்பையும் கல்வியையும் ஒரே பொறுப்பாக்கின. ஆனால், நம் ஊரில் பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் போதாது. எல்லாம் கல்வித் துறைக்குப் போனால், எழுத்துப் பயிற்சிதான் முன்னே நிற்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் சாப்பாடும் தூக்கமும் பின்னுக்குப் போய்விடும்.

எனவே ஆறு வயதுவரை எல்லாவற்றையும் கவனிக்கும் புதிய தனித்துறை தேவை; அதற்கு மூன்று கடமைகள் வேண்டும்: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே பதிவேடு, நகரங்களிலும் ரயில் நேரத்தை அனுசரித்துத் திறக்கும் காப்பகம், மதிப்பூதியத்தில் உழைக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கு நிரந்தரச் சம்பளம். இந்த மூன்றையும் சட்டத்தில் எழுதி, நிதியும் ஒதுக்கி, கர்நாடக அரசு தனித்துறையை அமைக்க வேண்டும்.